என் முழங்காலுக்கு வந்த சிக்குன்குனியா

பெரியப்பாவின் மகளுக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் எழுந்து நின்று அறுகரிசி போட்டார்கள். நான் மட்டும் கையிலிருந்த அரிசியை மறந்து மண்டபத்தின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கதிரைகளையெல்லாம் எடுத்துவிட்டால் எவ்வளவு நீளம் வரும்? நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கூரை நல்ல உயரம். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் மணவறை மேடை. ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். உள்ளக உதைபந்தாட்டத்துக்கென்றே கட்டிவிட்டு, பிறகு யாரோ தவறுதலாகக் கலியாணம் செய்துவைக்கத் தொடங்கிவிட்டது போலிருந்தது.

"என்னடி, அரிசியைக் கையிலை வைச்சுக்கொண்டு கனவு காணுறாய்?" அம்மா முழங்கையால் இடித்தார். "அடுத்தது உன்ரைதான் எண்டு யோசிக்கிறியோ?"

"ஓம் அம்மா."

அவருக்குச் சரியான சந்தோசம். நான் கோல் கம்பங்களை எங்கே நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பள்ளிக்கூடத்தில் உதைபந்து விளையாடியவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் பந்தும் முடிந்துவிட்டது. அரியாலையில் வெளி மைதானம் இல்லாமலில்லை. ஆனால் மைதானத்துக்கு மதில் உண்டு, மதிலின் மேல் பெடியள் உண்டு. நாங்கள் பந்தோடு ஓடினால் அவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. "பத்தாம் நம்பர், கெதியா ஓடும்! அங்கை கறி அடிப்பிடிக்குது!" என்பான் ஒருவன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருநாள் எங்கள் கோல்காப்பாளரின் தகப்பன் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போனவர், நின்று கேட்டார், ஒன்றும் சொல்லாமல் மகளை ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஒவ்வொருத்தியாகக் குறைந்தோம். எங்களுக்கு வேண்டியிருந்தது புல்லோ வெளிச்சமோ இல்லை, நாலு சுவர். சுவருக்குள் நடக்கும் எதற்கும் எங்கள் வீடுகளில் அனுமதி கிடைக்கும்.

மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த அண்ணை முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கலியாண மண்டபத்திலை பந்தடிக்கப் போறியளோ? விசரே உங்களுக்கு?"

"கலியாணம் இல்லாத மாதத்திலை அண்ணை. சும்மாதானே பூட்டிக் கிடக்குது."

அவர் மேசை லாச்சியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் புரட்டினார். "ஆடி உங்களுக்கு. மார்கழி உங்களுக்கு. புரட்டாதியிலையும் பெரிசா ஒண்டும் இல்லை. பங்குனியும் எடுங்கோ, வேதக்காரரும் ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்திலை கட்டமாட்டினம். ஆனா தை பிறந்தா இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. ஊரே நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் ஆகாத நாள் பார்த்தோம். எங்கள் பருவகாலம் பஞ்சாங்கத்தால் தீர்மானிக்கப்பட்டது. யாராவது அவசரமாகப் புரட்டாதியில் ஒரு முகூர்த்தம் பார்த்துக் கலியாணம் வைத்தால், "உவைக்கு என்ன அவசரம்?" என்று நாங்கள்தான் முதலில் கோபப்பட்டோம். முதல்நாள் கோல் கம்பங்களுக்கு, முந்திய கலியாணத்தில் வாசலில் கட்டியிருந்த நீர்வேலிக் குலைவாழைகளையே வெட்டி நிறுத்தினோம். பந்து பட்டால் கம்பம் மெதுவாகச் சாய்ந்து விழும். வாழைப்பால் உடுப்பில் பட்டு, எத்தனை தரம் தோய்த்தாலும் போகாத கறையாக நின்றது. எங்கள் அணிக்கு முதல் சீருடை அந்தக் கறைதான்.

நான் விளையாடிய காலத்தைப் பற்றிப் பெருமையாக எழுத ஆசைதான். சின்னக் களம், கனமான சின்னப் பந்து, யோசிக்க நேரம் கிடையாது. பந்து காலுக்கு வரும் முன்பே அது அடுத்து எங்கே போகவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. என் தலை எப்போதும் உடம்பைவிட அவசரமாக ஓடும். அந்த விளையாட்டில்தான் இரண்டும் ஒன்றாக ஓடின. நாங்கள் வவுனியாவுக்கும் போய் விளையாடினோம், கொழும்புக்கும் ஒருமுறை போனோம். தோற்றோம், ஆனால் வடிவாய்த் தோற்றோம்.

ஒரே பிரச்சினை தரை. கலியாண மண்டபத்துத் தரை பளபளக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட மாபிள். அதில் சப்பாத்து வழுக்கும். எங்களில் ஒருத்தி கைத்தொலைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்தாள்.

"வெளிநாட்டிலை நிலத்துக்குச் சோடா ஊத்துறாங்கள் அக்கா. இனிப்பு ஒட்டும். வழுக்காது."

சோடாவுக்கா பஞ்சம்? கார்த்திகையின் கடைசிக் கலியாணத்தில் மீந்த கிறீம் சோடாப் போத்தல்கள் குசினியின் மூலையில் காற்றுப்போய்க் கிடந்தன. தண்ணீர் கலந்து, பழைய சேலைத் துண்டால் தரை முழுக்கத் துடைத்தோம். அன்றைக்கு நாங்கள் விளையாடிய விளையாட்டு! சப்பாத்து நிலத்தைப் பிடித்தது, நினைத்த இடத்தில் நின்றோம், நினைத்த இடத்தில் திரும்பினோம். எறும்பு வந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடி ஊற்றினோம். அதற்குப் பிறகு விளையாட்டுக்கு முன் சோடா போடுவது எங்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. தேங்காய் உடைக்கிற மாதிரி.

சோடா எல்லா இடமும் ஒரேமாதிரிக் காயாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. மேடை ஓரமாக ஒரு மூலையில் வெயில் விழாது. அங்கே தரை பசை மாதிரி இருந்தது. மார்கழியில் ஒரு காலை, நான் அந்த மூலையில் பந்தை வாங்கி, இடது காலை ஊன்றி வலது பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் அங்கேயே நின்றது. காய்ந்த தடியொன்றைத் துவாயில் சுற்றி முறித்தால் வருவது போன்ற ஒரு சத்தம். நான் விழுந்தபிறகும் சப்பாத்து தரையிலிருந்து ஒட்டி ஒட்டித்தான் வந்தது.

என்னை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா வாசலுக்கு ஓடிவந்து, முழங்காலைப் பார்த்து, முதலில் கேட்டது இதுதான்:

"ஆரும் பாத்தவையோ?"

அந்தக் கேள்வியை இப்போது எழுதும்போது கொடுமையாகத் தெரிகிறது. அன்று எனக்கே அது இயல்பான கேள்வியாகத்தான் பட்டது. எனக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்த நேரம். கால் நொண்டுகிற பெண் என்றால் ஒரு கதை, பந்தடித்துக் கால் போன பெண் என்றால் இன்னொரு கதை. முதலாவதற்கு இரக்கம் கிடைக்கும். இரண்டாவதற்குச் சிரிப்புத்தான். அம்மா ஒரு இரவுக்குள் வழி கண்டுபிடித்தார். அந்த வருடம் எங்கள் பக்கம் சிக்குன்குனியா வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்து போனாலும் மூட்டுவலி மாதக்கணக்கில் இருக்கும். கடைக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், எல்லாருமே இழுத்து இழுத்துத்தான் நடந்தார்கள்.

"இந்த வருசம் அரியாலையிலை நொண்டாத ஆள் ஆர்?" என்றார் அம்மா. "நீயும் அதுக்குள்ளை ஒண்டு. முடிஞ்சுது கதை."

ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார். வரிசை முழுக்க மூட்டுவலிக்காரர். டொக்டர் களைத்துப்போயிருந்தார். "காய்ச்சல் இருந்ததோ?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா என் கையை அழுத்தினார். "இருந்தது டொக்டர். மூட்டு மூட்டா நோகுது எண்டவள்." பனடோல் தந்தார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சொன்ன நோய்க்குச் சரியான மருந்துதான்.

பிறகு சுகம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் மூட்டுவலி. ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

"எனக்கு விரல் மூட்டு, தோள் மூட்டு, குதிக்கால்," என்றார் பக்கத்து வீட்டு மாமி. "உனக்கு?"

"முழங்கால் மாமி."

"மற்ற முழங்கால்?"

"அது சுகம்."

"ஒரு முழங்காலிலை மட்டுமோ? இதென்ன புதினமான சிக்குன்குனியா!"

"அது ஒரு வகை," என்றார் அம்மா, மல்லித்தண்ணீரை நீட்டியபடி.

நானும் சிரித்தேன். வீக்கம் வற்றியதும் எனக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது. வந்தது போய்விட்டது, இனி விளையாடலாம் என்று. ஆடியில் மண்டபம் திறந்தபோது மறுபடி சப்பாத்துப் போட்டேன். முழங்கால் திடீரென்று கழன்று விலகி, பிறகு தானாகவே பொருந்தும். ஒவ்வொருமுறை விலகும்போதும் உள்ளே எதையோ அரைத்தது. அதை யாரிடம் சொல்வது? சிக்குன்குனியா இப்படிச் செய்யாது.

கடைசியில் பல்கலைக்கழகப் படிக்கட்டில் வைத்து முழங்கால் மடிந்தபடியே பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ஸ்கான், அதற்குப் பிறகுதான் எலும்பு வைத்தியர். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முழங்கால் எலும்புகளை இறுக்கிப் பிடிக்கும் முன்சவ்வு முற்றாக அறுந்திருந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கவேண்டிய குருத்தெலும்பு கிழிந்து சிதைந்திருந்தது.

"இது எப்ப நடந்தது?"

சொன்னேன்.

"அப்பவே வந்திருந்தா..." என்று தொடங்கியவர், அம்மாவைப் பார்த்தார், முடிக்கவில்லை. சிதைந்ததை வெட்டி எடுத்தார்கள். நடக்கலாம், ஓடக்கூடாது என்றார்கள். ஓடினால் சில வருடங்களில் நடையும் போய்விடும். எனக்கு இருபத்திமூன்று வயது. அந்தக் கால் இன்றைக்கும் முழுதாக நீளாது. படுத்தால் முழங்காலுக்கும் பாய்க்கும் நடுவே என் கை புகும்.

ஊருக்கு அது தொடர்ந்தும் சிக்குன்குனியாவாகவே இருந்தது.

பயிற்றுநராவது என்று நான் முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. அடுத்த மார்கழியில் மண்டபத்துக்குப் போய், பொம்பிளை மாப்பிள்ளை இருக்கும் மேடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்தேன். கீழே விளையாடுகிறார்கள். யாருமில்லாத இடத்துக்குப் பந்தைக் கொடுக்கிறார்கள். பொறுக்க முடியவில்லை. "பின்னாலை பார்! பின்னாலை!" என்று கத்தினேன். ஒருத்தி திரும்பி, "அப்ப இறங்கி வந்து சொல்லுங்கோவன், சிக்குன் அக்கா!" என்றாள். உண்மை தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். இறங்கினேன். அதற்குப் பிறகு ஏறவேயில்லை.

எனக்குப் படிக்கத் தெரியும். அதையே செய்தேன். முழங்கால் பற்றி, இளம் பெண்களுக்கு அந்தச் சவ்வு ஏன் அதிகம் அறுகிறது என்பது பற்றி, கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பயிற்றுநர் சான்றிதழ் வகுப்புக்குப் போனேன். அங்கே இருந்த ஆண்கள் பந்தைப் பற்றிக் கேட்டார்கள், நான் காலைப் பற்றியே கேட்டேன். முதல் வேலையாகச் சோடாவை நிறுத்தினேன். குதித்தால் இரண்டு காலிலும் இறங்கு, முழங்காலை மடக்கி இறங்கு, முழங்கால் உள்ளே சாயவிடாதே. விளையாட்டுக்கு முன் இதை மட்டும் அவர்களுக்கு அலுத்துப்போகும் வரை செய்வித்தேன்.

அந்த நாட்களில்தான் கொழும்புத்துறையிலிருந்து ஒருத்தி வந்தாள். தகப்பனுக்குக் கடலில் வலை. அவளுக்கு ரவுண் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடையில் வேலை. வயது இருபத்தொன்று. இடது காலால் மட்டும்தான் அடிப்பாள். வலது காலையும் பழக்கவேண்டும் என்று நான் சொன்னதற்கு, "அக்கா, எனக்கு வலது கால் நிக்கிறதுக்கு மட்டும்தான். ஒரு கால் வேலை செய்தாப் போதும், மற்றது மேற்பார்வை," என்றாள். அவளுடைய இடது காலிலிருந்து புறப்படும் பந்தைப் பார்த்தபிறகு நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் பாதியைக் கேட்டாள். அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

அவளுக்குப் பிரான்சிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே உணவகமொன்றில் வேலை. தொலைபேசியில் கதைத்திருந்தார்கள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. "அங்கை பொம்பிளையளுக்கும் கிளப் இருக்காம் அக்கா. கேட்டு வைச்சிருக்கிறன்," என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அது நடந்தது ஒரு போட்டியில், ரவுணிலிருந்த உண்மையான உள்ளரங்கில். பொருத்தமான தரை. சோடா இல்லை, ஈரம் இல்லை. உடம்பைச் சூடாக்கும் பயிற்சிகளை ஒன்றுவிடாமல் செய்வித்திருந்தேன். நெஞ்சுயரத்துக்கு வந்த பந்தை அடக்க அவள் குதித்தாள். இறங்கும்போது ஒரு காலில் இறங்கினாள். அந்த நிற்கிற கால். முழங்கால் உள்ளே சாய்ந்தது. யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. பார்வையாளர் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் விழுந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். முழங்காலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, ஒண்டுமில்லை என்ன? சும்மா பிரண்டது என்ன?"

"எழும்பாதை," என்றேன். "நாளைக்கே காட்டோணும்."

நாளைக்குக் காட்டவில்லை. மறுநாள் அவளுடைய தாய் என் வீட்டுக்கு வந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தாரோ தெரியாது. கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மாப்பிள்ளையின்ரை பெரியம்மா பிள்ளையைப் பாக்க வாறா. அவ ஓம் எண்டாத்தான் அங்கை எல்லாரும் ஓம் எண்டுவினம். கோச், நீங்களும் வரோணும்."

"நான் என்னத்துக்கு அன்ரி?"

"உங்களுக்குச் சிக்குன்குனியா வந்து கால் இழுத்தது எண்டு ஊருக்கே தெரியும். என்ரை பிள்ளைக்கும் அதுதான் எண்டு சொல்லப்போறன். நீங்கள் பக்கத்திலை இருந்தா நம்புவினம். கலியாணம் முடிஞ்சு அங்கை போனாப் பிறகு, அங்கத்தை ஆஸ்பத்திரியிலை வடிவாய்ச் செய்யலாம்தானே."

"அங்கை போக எவ்வளவு காலமாகும்?"

"விசா வரோணும். ஒரு வருசம். கூடினா ரெண்டு."

அந்த ஒரு வருடம், இரண்டு வருடத்தில் அந்த முழங்காலுக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொன்னேன். அவர் கேட்டார், தலையாட்டினார், பிறகு என் கையைப் பிடித்தார். "நீங்கள் சும்மா வந்து இருங்கோ. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. கடலோர வீடு, வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே எல்லாம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. வழக்கமாகப் பெண் தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டு நடந்து வருவாள். இங்கே தேத்தண்ணி மேசையிலேயே இருந்தது. அவள் சேலை உடுத்துக் கதிரையில் இருந்தாள், காலை மறைத்தபடி. தகப்பன் கதவருகில் நின்றார். மாப்பிள்ளையின் பெரியம்மா குருநகரிலிருந்து வந்திருந்தார். அமைதியான மனிசி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, எல்லாரையும் நிதானமாகப் பார்த்தார்.

"சரியான வெக்கை," என்றார். பிறகு அவளைப் பார்த்து, "பிள்ளை, உந்த யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடும்."

யன்னல் அறையின் மறுபக்கத்தில் இருந்தது. அவர் கேட்டது யன்னலுக்காக இல்லை என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தாய் எழும்பினார். "நான் திறக்கிறன். பிள்ளைக்குச் சிக்குன்குனியா வந்து மூட்டு நோகுது. இஞ்சை, கோச்சுக்கும் வந்ததுதானே, கேட்டுப் பாருங்கோ."

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். குரலில் சந்தேகம்கூட இல்லை. உண்மையான அக்கறைதான்.

"ஓமோ? உமக்கு எவ்வளவு நாளிலை சுகம் வந்தது?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லாரும் வலியைத்தான் விசாரித்தார்கள். எத்தனை நாள் என்று விசாரிக்கவில்லை. அவளைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை என்று வரும் வழியில் முடிவெடுத்திருந்தேன். அது அவளுடைய கால், அவளுடைய வாய். ஆனால் என் கால் என்னுடையதுதானே.

"எனக்குச் சுகம் வரேல்லை," என்றேன். "எனக்கு வந்தது சிக்குன்குனியாவும் இல்லை. பந்தடிக்கேக்கை முழங்கால் சவ்வு அறுந்தது. வெளியிலை சொல்லாமல் வைச்சிருந்தம். அதாலை உள்ளுக்கை எல்லாம் தேஞ்சு போச்சு. இனி நான் ஓட ஏலாது."

தாய் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. பிறகு கதிரை அசைந்தது. அவள் எழும்பினாள். சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு அடி, இன்னொரு அடி. நாலாவதிலோ ஐந்தாவதிலோ முழங்கால் விலகி, அவள் மேசையைப் பிடித்தாள். தேத்தண்ணி தளம்பியது. தகப்பன் ஓடிவந்தார். அவள் கையால் தடுத்தாள். யன்னல் வரை போனாள், திறந்தாள், அங்கேயே நின்று திரும்பிச் சொன்னாள்:

"எனக்கும் அதுதான் பெரியம்மா. போன கிழமை பந்தடிக்கேக்கை. ஒப்பரேசன் செய்யோணுமாம்."

"செய்தாச் சுகம் வருமோ?"

"பெரும்பாலும் வருமாம்," என்றாள். என்னிடமிருந்து கேட்டதைத்தான் சொன்னாள், அந்தப் 'பெரும்பாலும்' உட்பட.

பெரியம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். புறப்படும்போது அவளுடைய தலையில் கை வைத்தார். "உண்மையைச் சொன்னனீர்," என்றார். அந்தக் கிழமையே பிரான்சிலிருந்து அவளுடைய தொலைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. வீட்டில் ஒத்துவரவில்லையாம், மன்னிக்கச் சொன்னாராம். அவள் அதை எனக்குப் போட்டுக் காட்டவில்லை. அவளுடைய தங்கச்சி மூலமாகத்தான் அறிந்தேன்.

பெரியம்மா முன் நான் சொன்னது அன்றைக்கே, எனக்கு முன்பே அரியாலைக்கு வந்து சேர்ந்திருந்தது. அம்மா சில நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள், முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "நான் உன்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்."

"தெரியும் அம்மா."

"தெரிஞ்சுமோ உப்பிடி என்னைப் பொய்க்காரியாக்கினாய்?"

அவரோடு சேர்ந்து இலை ஆய்ந்தேன்.

அணியிலும் ஆட்கள் குறைந்தார்கள். இரண்டு பேருடைய கால் போன விளையாட்டுக்கு எந்த வீடு அனுப்பும்? ஒருத்தியின் தகப்பன் நான் வாங்கிக் கொடுத்த சப்பாத்தைப் பெட்டியோடு திருப்பி அனுப்பினார். மண்டபத்து அண்ணையும் தயங்கித் தயங்கி விசயத்துக்கு வந்தார். "தங்கச்சி, நான் உங்களுக்கு எதிரில்லை. ஆனா இஞ்சை கால் உடைஞ்சது எண்டு கதை அடிபட்டா, கலியாணக்காரர் அபசகுனம் எண்டுவினம். கொஞ்சக் காலம் பொறுங்கோ." எந்த மாதமும் எங்களுக்கில்லை என்பது அதன் பொருள். மிஞ்சிய நாலு பேரோடு ஒருத்தியின் வீட்டு முற்றத்தில் குதித்து இறங்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். பந்தில்லாமல்.

கொழும்புத்துறைக்காரியின் தகப்பன் ஒருநாள் காலை எங்கள் கேற்றடிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே கேட்டார்: "ஆரிட்டைக் காட்டோணும்? எந்த நாள் கிளினிக்?" அவ்வளவுதான் கதைத்தார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு அலைந்தேன். ஸ்கானில் நான் பயந்ததுதான் இருந்தது. சவ்வு அறுந்திருந்தது. ஆனால் மற்றதெல்லாம் இன்னும் சேதமில்லாமல் இருந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் தள்ளித்தான் கிடைத்தது, ஆனாலும் காலம் கடந்துபோவதற்குள் கிடைத்தது. அது நடந்து முடிந்தது.

அதோடு நல்லதாகிவிட்டது என்று எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். புடைவைக் கடையில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை, அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவள் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்க்கிறாள். முதல் தரம் நான் போனபோது, முழங்காலின் கீழே ஒரு தலையணை. தாய் வைத்தது. மடித்து வைத்திருந்தால் நோ குறையும். ஆனால் மடித்தபடியே ஆறினால் மடித்தபடியே நின்றுவிடும்.

"அதை எடுக்கோணும் அன்ரி."

"பிள்ளைக்கு நோகுது," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். அதுதான் அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வசனம்.

"தெரியும். எடுத்தாலும் நோகும். ஆனா எடுக்கோணும்."

எடுத்தது அவள்தான். இழுத்துச் சுவரோடு எறிந்தாள். "அக்காவுக்கு என்ன, சொல்லிப்போட்டுப் போயிடுவா!" என்று கத்தினாள். தாய் அந்தத் தலையணையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

போன கிழமை கிளினிக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் அவளுடைய முழங்காலின் கீழே கையை விட்டுப் பார்த்தார். கை புகுந்தது. இனி வரும் சில கிழமைகளுக்குள் கால் நீளாவிட்டால் பிறகு நீட்டுவது கடினம் என்றார். அவள் என் காலைப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் போகிறேன். கேற்றைத் தாய் திறக்கிறார். குதிக்காலின் கீழே சுருட்டிய துவாய், முழங்காலின் மேல் சீனிப் பை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திட்டுவாள், நான் எண்ணுவேன், அவள் நான் கள்ளமாக எண்ணுவதாகச் சொல்வாள். பந்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. கதைப்பதில்லை. நேற்று என் கை முழுதாகப் புகவில்லை, விரல்கள் மட்டும்தான் புகுந்தன. நாளைக்கு, இடைவெளி போய்விட்டதா என்று அறிய, ஒரு கடதாசித் துண்டை முழங்காலின் கீழே வைத்துப் பார்க்கப் போகிறோம். அவள் காலால் பாயோடு அதை அழுத்திப் பிடிக்கவேண்டும். நான் இழுப்பேன்.